மெஹ்மத் டோனர்: நாம் பகிராத பகுதி



சில வாரங்களாக வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. துருக்கியைச் சேர்ந்த முஸ்லிம் விஞ்ஞானி ஒருவர், ஒரு துளி இரத்தத்தை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் சிப் ஒன்றைச் செய்துவிட்டாராம், மேற்கு நாடுகள் அதை மறைக்கின்றனவாம். கீழே மாஷா அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், கையுயர்த்தும் படங்கள். எங்கள் ஆசிரியர் குழுமத்தில் மட்டும் ஒரே நாளில் மூன்று பேர் போட்டிருந்தார்கள்.

நானும் பார்த்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். ஆனால் அது என் சாச்சியின் போனுக்கும் போயிருக்கிறது. மார்பில் புற்றுநோய் வந்து, மஹரகமவில் சத்திரசிகிச்சையும் மருந்தும் முடித்து, இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை கிளினிக் போய் வருகிறவர் அவர். ஒவ்வொரு கிளினிக்குக்கும் முந்திய இரவு அவருக்குத் தூக்கம் வராது. "மகன், இந்த சிப் மஹரகமயில ஈக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஏன் இல்லை என்று சொல்லத்தான் எனக்கு இரண்டு மூன்று இரவுகள் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்ததில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியில் இருப்பவர் பேராசிரியர் மெஹ்மத் டோனர். ஆள் உண்மை. மறைக்கிறார்கள் என்பது மட்டும் சுத்தப் பொய். அவர் வேலை செய்வதே பொஸ்டன் நகரில், மசாசுசெட்ஸ் பொது வைத்தியசாலையில். அவருடைய குழுவின் கட்டுரைகள் நேச்சர் போன்ற உலகின் முதல்தரச் சஞ்சிகைகளில் வந்திருக்கின்றன. பெயரைப் பார்த்து ஒருவருடைய ஈமானை அளப்பதும் நமது வேலை அல்ல. அதை அப்படியே விட்டுவிட்டு அவர் செய்த வேலையைப் பார்ப்போம். பகிரப்படாத பகுதி அதுதான்.

டோனர் 1958இல் இஸ்தான்பூலில் பிறந்தவர். இஸ்தான்பூல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1983இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். 1985இல் எம்.ஐ.டி.யில் அதே துறையில் முதுமாணி. 1989இல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் கற்கைநெறியில் மருத்துவப் பொறியியலில் கலாநிதிப் பட்டம்.

இயந்திரப் பொறியியல் என்றதும் நம்மட ஊர்களில் கண்முன் வருவது கராஜ். கொஞ்சம் மேலே போனால் மின் நிலையம், இல்லாவிட்டால் கட்டாரில் ஏ.சி. வேலை. டோனர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் ஒரு வகையில் குளிர் சம்பந்தப்பட்டதுதான். ஆனால் அறையின் குளிர் அல்ல. உயிருள்ள ஒரு கலத்தைக் குளிரவைத்தால் அதற்குள்ளே தண்ணீர் எப்போது பனிக்கட்டியாக மாறும் என்பது அவருடைய கேள்வி.

இது வைத்தியத்துறைக்கு மிகவும் அவசியமான கேள்வி. கலங்களை உறைய வைத்துப் பாதுகாத்தால் பிறகு எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வேகமாகக் குளிர்த்தினால் கலத்துக்குள்ளேயே பனிக்கட்டி உண்டாகி அதைக் கொன்றுவிடும். மெதுவாகக் குளிர்த்தினால் தண்ணீர் வெளியே போய், கலம் சுருங்கி, உள்ளே உப்பின் செறிவு கூடிச் சாகும். இரண்டு மரணத்துக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அந்தப் பாதை எங்கே என்று கணக்குப் போட்டுச் சொல்ல வெப்ப இயக்கவியல் தெரிந்த ஆள் வேண்டும். கொதிகலனுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பொறியியலாளர் எழுதும் சமன்பாடுகளின் உறவுக்காரச் சமன்பாடுகளை டோனர் ஒரு கலத்துக்கு எழுதினார். ஆசிரியர் கிரவால்ஹோ முதலியவர்களுடன் சேர்ந்து 1990இல் வெளியிட்ட அந்தக் கட்டுரையை அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

பிறகு அவர் சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவு. கத்தி பிடிக்காத ஒரு பொறியியலாளர் சத்திரசிகிச்சைப் பிரிவில் பேராசிரியர். நம் நாட்டில் இப்படி ஒரு விண்ணப்பம் போனால் கோப்பு எந்த மேசையில் தங்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அங்கே இருந்துதான் அவர் நுண்பாய்மவியல் என்ற துறைக்குள் வருகிறார். மைக்ரோஃபுளூயிடிக்ஸ் என்பார்கள். தலைமுடியின் தடிப்பு அளவிலான கால்வாய்களை ஒரு சிப்பில் செதுக்கி, அதற்குள் திரவத்தை ஓடவிட்டு வேலை வாங்குவது. கணினிச் சிப் செய்யும் அதே முறையில் சிலிக்கனில் செதுக்குகிறார்கள்.

உயர்தர பௌதிகவியல் படித்தவர்களுக்குப் புவசேயின் சூத்திரம் நினைவிருக்கும். குழாயின் ஆரை பாதியானால், அதே அமுக்கத்தில் ஓடும் திரவத்தின் அளவு பாதியாகாது, 16இல் ஒன்றாகிவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்தப் புவசே ஒரு வைத்தியர் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிரெஞ்சு நாட்டு வைத்தியர். மயிர்த்துளைக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியத்தான் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். அதாவது நாம் பௌதிகவியல் என்று பிரித்து வைத்திருக்கும் அந்தச் சூத்திரமே இரத்தத்துக்காகப் பிறந்தது.

இவ்வளவு சிறிய கால்வாயில் திரவம் நமக்குப் பழக்கமான மாதிரி நடந்துகொள்ளாது. ஆற்றில் போல சுழியில்லை. சிவப்புத் தண்ணீரையும் நீலத் தண்ணீரையும் ஒன்றாக விட்டால் இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கமாகக் கோடு போட்டது போல ஓடும். பிசுக்குமைதான் அங்கே ராஜா. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். கட்டியிலிருந்து கழன்ற கலங்கள் இரத்தத்தில் மிதந்து வேறு உறுப்புக்குப் போய்க் குடியேறுவதாலேயே நோய் பரவுகிறது. இரத்தத்தில் அப்படிப்பட்ட கலங்களை 1869இலேயே அவுஸ்திரேலியாவில் ஆஷ்வர்த் என்ற வைத்தியர் கண்டு எழுதியிருக்கிறார். காண்பது ஒன்று, ஒவ்வொரு நோயாளியிலும் தேடிப் பிடிப்பது வேறொன்று. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் செங்குழியங்கள் மட்டும் ஏறத்தாழ 500 கோடி. அதற்குள் புற்றுநோய்க் கலம் ஒன்றோ, பத்தோ, சில நூறோ இருக்கலாம். வைக்கோல் போரில் ஊசி என்று சொல்வதுகூட இந்தக் கணக்குக்குப் போதாது.

2007 டிசம்பரில் நேச்சர் சஞ்சிகையில் டோனரின் குழு வெளியிட்ட சிப் ஏறக்குறைய நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தகட்டின் அளவு. அதில் 78,000 நுண்தூண்கள். ஒவ்வொன்றும் 100 மைக்ரோமீற்றர் விட்டம், அதே உயரம், இடையே 50 மைக்ரோமீற்றர் இடைவெளி. தூண்களின் மேல் பிறபொருளெதிரி பூசியிருக்கிறார்கள். பல புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தை அது பற்றிக்கொள்ளும்.

உயிரியல் அங்கே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் இயந்திரப் பொறியியல். பிறபொருளெதிரி ஒட்டும் பசை மாதிரி, ஆனால் கலம் தூணில் முட்டினால்தானே ஒட்டும்? கோடு போல ஓடும் பாய்ச்சலில் கலம் தூணைச் சுற்றி விலகிப் போய்விடும். ஆகவே சில வரிசைகளுக்கு ஒருமுறை தூண்களைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள், எந்தப் பாதையில் வந்தாலும் எங்காவது முட்டட்டும் என்று. வேகமாக ஓடவிட்டால் ஒட்டிய கலத்தைப் பாய்ச்சலே பிய்த்துக்கொண்டு போகும். மெதுவாக விட்டால் ஒரு பரிசோதனைக்கு நாள் முழுதும் போகும். மணிக்கு ஒன்று இரண்டு மில்லிலீற்றர் என்ற வேகத்தில் வந்து நின்றார்கள். நுரையீரல், மார்பகம், சதையி, குடல், புரஸ்டேட் என்று பரவிய புற்றுநோய் உள்ளவர்களின் 116 மாதிரிகளில் 115இல் கலங்கள் அகப்பட்டன. அடுத்த ஆண்டே, நுரையீரல் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் பிடித்த கலங்களிலிருந்து மரபணு மாற்றத்தை வாசித்து, மருந்துக்கு எதிர்ப்பு உண்டாவதைக் கண்டார்கள். கட்டியில் மீண்டும் மீண்டும் ஊசி குத்திச் சதை எடுக்காமலே.

வட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. உண்மையில் கதை இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அந்த சிப் அவர்களுக்கே போதவில்லை.

உயரமான தூண்களில் ஒட்டிய கலத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது சிரமம், செய்வதும் சிரமம். 2010இல் தூண்களை விட்டுவிட்டார்கள். சாதாரணக் கண்ணாடித் தகட்டின் மேல் மூடி, மூடியின் உட்புறம் மீன்முள் மாதிரிச் சாய்வான கோடுகள். திரவம் கலக்காது என்றேன் அல்லவா? இந்தக் கோடுகள் பாய்ச்சலை வளைத்து முறுக்கிக் கலக்கச் செய்கின்றன. இந்த உபாயத்தை 2002இலேயே ஸ்ட்ரூக் என்பவரும் தோழர்களும் வெறும் திரவங்களைக் கலப்பதற்காகக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் கலங்களைச் சுவரில் முட்டவைக்க எடுத்துக்கொண்டார்கள். அந்த சிப்பில் எதிர்பாராத ஒன்றும் அகப்பட்டது. தனிக் கலங்கள் மட்டுமல்ல, சில கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கொத்துகள். தனிக் கலத்தைவிட இந்தக் கொத்துகளுக்குப் பரவும் ஆற்றல் பல மடங்கு அதிகம் என்று 2014இல் எலிகளில் காட்டினார்கள்.

அதிலும் ஒரு குறை மிஞ்சியது. எல்லாப் புற்றுநோய்க் கலத்திலும் அந்தப் புரதம் இருப்பதில்லை. பரவும் நேரத்தில் சில கலங்கள் அதைக் கழற்றிவிடுகின்றன. அப்படியானால் பிறபொருளெதிரிக்கு அவை தெரியவே மாட்டா. 2013இல் வந்த மூன்றாவது சிப்பில் கேள்வியையே தலைகீழாகத் திருப்பினார்கள். தேடும் கலம் எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, தேடாதவை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். செங்குழியங்களை முதலில் அளவைப் பார்த்து ஒதுக்கு. வெண்குழியங்களில் நுண்ணிய காந்தமணிகளை ஒட்டிக் காந்தத்தால் இழு. மிஞ்சுவதுதான் தேடிய பொருள், எதுவும் ஒட்டாத, தொடப்படாத கலம். அரிசி புடைக்கிற எந்த உம்மாவுக்கும் விளங்கும் தர்க்கம் இது.

காந்தம் சரியாக இழுக்க வேண்டுமென்றால் கலங்கள் ஒரே வரிசையில் வரவேண்டும். இலட்சக்கணக்கான கலங்களை யார் வரிசையில் நிறுத்துவது? பாய்ச்சலே நிறுத்தும். குழாயில் ஓடும் துணிக்கைகள் தாமாகவே சுவருக்கும் நடுவுக்கும் இடையில் குறித்த இடத்தில் வந்து சேருகின்றன என்று 1961இல் செக்ரேயும் சில்பர்பேர்க்கும் கண்டிருந்தார்கள். நெடுங்காலம் அது ஒரு விசித்திரமாகவே கிடந்தது. டோனரின் ஆய்வுகூடத்தில் டி கார்லோ என்ற இளம் ஆய்வாளர் முதலானோர் 2007இல் வளைந்த நுண்கால்வாய்களில் வேகமாக ஓடவிட்டு, சடத்துவத்தாலேயே கலங்களை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். பிசுக்குமை ராஜா என்று நான் மேலே சொன்னதற்கு இங்கே ஒரு விதிவிலக்கு.

ஒரு சிறு கிளைக்கதை. நம்மவர்கள் அடிக்கடி பகிரும் இன்னொரு பெயர் அல்-ஜசரி. இன்றைய துருக்கியில் இருக்கும் தியார்பக்கிரில், அரசவையில் இருந்த பொறியாளர். 1206இல் அவர் முடித்த நூலில் யானைக் கடிகாரத்தை எல்லோரும் பகிர்கிறார்கள். அதே நூலில், வைத்தியத்துக்காக இரத்தம் எடுக்கும்போது எவ்வளவு இரத்தம் போயிற்று என்று அளந்து காட்டும் பாத்திரங்களும் இருக்கின்றன. அவற்றை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. யானை இல்லை போலும்.

சரி, சாச்சியின் கேள்விக்கு வருவோம்.

இரத்தத்தில் இந்தக் கலங்களை எண்ணும் ஒரு பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2004இலேயே அனுமதி கிடைத்திருக்கிறது. அது டோனருடைய சிப் அல்ல, வேறொரு முறை. மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்களில் கலங்களின் எண்ணிக்கை கூடினால் நோய் கடுமை என்று அது சரியாகவே சொல்லும். அப்படியானால் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு உடனே மருந்தை மாற்றினால் ஆயுள் கூடுமா? அதையும் முறையாகச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கூடவில்லை. மாற்றியவர்களுக்கும் மாற்றாதவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. கெட்ட செய்தி முன்கூட்டியே தெரிந்தது, ஆனால் அதை வைத்துச் செய்வதற்குக் கையில் நல்ல மருந்து இருக்கவில்லை. இந்தக் கலங்களைப் பிடிப்பது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கான கருவி. பெரிய நாடுகளிலும் வழமையான கிளினிக்கில் இதை வைத்து வைத்தியம் நடப்பதில்லை. ஒரு துளி என்பதும் சரியல்ல, சில மில்லிலீற்றர் இரத்தம் வேண்டும். அந்த 116 மாதிரிகளும் நோய் ஏற்கெனவே உறுதியானவர்களுடையவை. நோயே தெரியாத ஒருவரிடம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

இதையெல்லாம் சாச்சியிடம் இந்தச் சொற்களில் சொல்லவில்லை. "பணக்கார நாட்டுப் பொம்பளைகளுக்குக் கிடைச்சு உங்களுக்குக் கிடைக்காமப் போன மருந்து இதுல ஒண்டுமில்ல சாச்சி" என்றேன். அதைத்தான் அவர் அறிய விரும்பினார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப கிளினிக் டேட்டுக்குப் போனாச் சரிதானே" என்றார். சரிதான் என்றேன்.

நம்பிக்கை தரும் செய்தி என்று நினைத்துத்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள், நிய்யத் நல்லதுதான். ஆனால் நோயாளியின் போனில் அது வேறு விதமாக வாசிக்கப்படுகிறது. எங்கோ மருந்து இருக்கிறது, எனக்குத் தரவில்லை என்று.

பெருமைப்படும் விஷயத்திலும் எனக்கு ஒரு சொல் இருக்கிறது. 2007 கட்டுரையில் முதலாவது பெயர் டோனருடையது அல்ல, சுனிதா நாகரத். இந்தியப் பெண். அமெரிக்காவில் ரென்சலர் நிறுவனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றது இயந்திரப் பொறியியலில். இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2019இல் அவருடைய குழு, கையில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை நாய்களில் சோதித்து வெளியிட்டது. ஒரு குழாய் இரத்தத்தில் தேடுவதற்குப் பதிலாக, நாளத்திலிருந்து இரத்தத்தை எடுத்து வடித்துத் திரும்ப உள்ளே விட்டுக்கொண்டு இரண்டு மணித்தியாலம் தேடும் கருவி. மீன்முள் சிப் கட்டுரையின் முதலாவது பெயரும் ஒரு பெண்தான், ஷனன் ஸ்டொட். டோனரோடு பல ஆண்டுகள் சேர்ந்து நின்ற புற்றுநோய் வைத்தியர் டானியல் ஹேபர். ஒரு பெயரை மட்டும் வெட்டியெடுத்து நம்மவர் என்று ஒட்டிக்கொண்டால், அந்த வேலை எப்படி நடந்தது என்பது நமக்கு ஒருபோதும் விளங்காது.

நான் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பெற்றோர் வந்து கேட்பது ஒன்றே ஒன்று. பயோவா, மெத்ஸா? பதினாறு வயதில் அந்தக் கோடு கீறப்படுகிறது. கணிதப் பிரிவுக்குப் போன பிள்ளை அதன் பின் ஒரு கலத்தைப் பற்றிப் படிப்பதில்லை, உயிரியல் பிரிவுக்குப் போன பிள்ளை இணைந்த கணிதத்தைத் தொடுவதில்லை. நல்ல கணித மூளையுள்ள பெண் பிள்ளைகளை நான் கண்ணெதிரே பயோவுக்கு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளை என்றால் டொக்டர், முடியாவிட்டால் டீச்சர். பொறியியல், அதுவும் இயந்திரப் பொறியியல் என்றால் "கிரீஸ் பூசுற வேலையா சேர்?" என்று ஒரு உம்மா என்னிடமே கேட்டார். இனி அப்படிக் கேட்டால் நாகரத்தின் கதையைச் சொல்வேன். அந்தப் பெண் கையில் பூசியது கிரீஸ் அல்ல, இரத்தம். கேட்கிறவர் சிரிப்பாரா பயப்படுவாரா தெரியாது.

டோனரின் முதல் கேள்வி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பனிக்கட்டியை அவர் கைவிடவில்லை. மாற்று ஈரல் பொருத்தும் சிகிச்சையில் பெரிய எதிரி நேரம். எடுத்த ஈரலை ஐஸில் வைத்தால் ஏறத்தாழ 9 மணித்தியாலம் தாங்கும். 2019இல் அவரும் அங்கம் வகித்த ஒரு குழு, மனித ஈரல்களை பூச்சியத்துக்குக் கீழே 4 பாகை செல்சியஸில், உறையவிடாமல், 27 மணித்தியாலம் வைத்துக் காட்டியது. பனிக்கட்டி முதலில் பிடிப்பது பெரும்பாலும் காற்றும் நீரும் தொடும் இடத்தில் என்பதால், ஈரல் வைத்த பையிலிருந்து காற்றை முழுதாக நீக்கினார்கள். பாதுகாக்கும் திரவங்களையும் உள்ளே செலுத்தினார்கள். அந்த ஆய்வில் ஈரல்கள் எந்த நோயாளிக்கும் பொருத்தப்படவில்லை. சூடாக்கிய பின் வேலை செய்கின்றனவா என்று மட்டும் பார்த்தார்கள், செய்தன. கலாநிதிப் பட்டத்துக்கும் அதற்கும் இடையில் 30 ஆண்டுகள்.

தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போயும் உறையாமல் இருக்குமா என்று என் வகுப்பில் யாரும் நம்பவில்லை. ஆகவே வரும் வாரம் ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கப் போகிறோம். காய்ச்சி வடித்த நீர், கழுவிய சோதனைக்குழாய், உப்புப் போட்ட ஐஸ், ஒரு வெப்பமானி. மீன்கடை வைத்திருக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா ஐஸ் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குளிர்ந்த குழாயை மெல்லத் தட்டினால் என்ன நடக்கும் என்று இங்கே எழுத மாட்டேன். என் மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள்.